பெட்டியிடம் சொன்னது

1983 சாரல் காலத்தில், சுந்தரபாண்டியபுரத்து ஆவுடைத்தாய் தென்காசி டாக்டர் சாம்பசிவத்தின் மேஜைமேல் டேப் ரெக்கார்டரை வைத்துப் பொத்தானை அமுக்கினாள். கொஞ்ச நாளாகக் குடம் தூக்கினாலே அவளுக்கு மூச்சு வாங்கியது. அசாமில் பட்டாளத்திலிருந்த புருஷன் சங்கிலிப்பாண்டி, டாக்டர் சொல்லுவதை அப்படியே கேசட்டில் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தான்.

டாக்டர் முகம் சுளித்தார். "இது எதுக்கும்மா? என்மேல கேஸ் போடவா?"

"இல்ல டாக்டர். நான் எதையோ மறைக்கேன்னு அவுக நெனைக்காவ."

அதுவரை அவளிடம், "பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடு" என்றுதான் அவர் சொல்லிவந்தார். இப்போது பெட்டியின் பக்கம் குனிந்தார்.

"தம்பி சங்கிலிப்பாண்டி, உங்க சம்சாரத்துக்கு இருதய வால்வு சுருங்கிப்போயிருக்கு. மதுரையில ஆபரேஷன் பண்ணணும். தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து. உடனே லீவு போட்டு வாங்க."

எதிரே உட்கார்ந்திருந்த ஆவுடைத்தாய்க்கு, தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது உறைக்கவே சற்று நேரமாயிற்று.

"இத்தன தடவ வந்தேனே, எங்கிட்ட ஏன் சொல்லல டாக்டர்?"

"தனியா வருதியேம்மா. பயந்துருவியேன்னுதான்."

"இப்பவும் தனியாத்தான் இருக்கேன். உசுரு என்னோடதுல்லா? எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். அவள் அழாமல் கேட்டாள். கேசட் தபாலில் போய்ச் சேர நாளாகும் என்பதால், அங்கிருந்து நேரே தபாலாபீசுக்குப் போய், உடனே புறப்பட்டு வரச்சொல்லிப் புருஷனுக்குத் தந்தி கொடுத்தாள்.