தோளுக்கு அசைந்த சுவர்

அந்தப் பின்னறைக்குள் காலெடுத்து வைத்ததுமே டெய்லரக்கா வீட்டை வாங்கிவிட்டாள். மனதுக்குள்தான். வாடகை வீட்டின் ஹாலில் தையல் மெஷின்களுக்கு நடுவே இத்தனை காலம் குடும்பம் நடத்தியவள் அவள். இங்கே தோட்டத்தைப் பார்த்தபடி ஒரு ஜன்னல், வாடிக்கையாளர் வந்துபோகத் தனி வாசல், நாள் முழுக்க வெளிச்சம்.

“கட்டிங் டேபிள் இங்க! ஓவர்லாக் மெஷின் அந்த மூலையில! தச்ச துணி மாட்ட இந்தச் சுவர் முழுக்கக் கம்பி!” கையை நீட்டி நீட்டி அளந்தாள்.

“கொஞ்சம் மூச்சு விட்டுக்கோ,” என்றான் கணவன். அவன் வண்டி மெக்கானிக். “பழைய பைக்கையே நான் கழட்டிப் பாக்காம வாங்க மாட்டேன். இது வீடு. ஒரு இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டிடுவோம்.”

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். மற்ற அறைகளையெல்லாம் எக்ஸ்பிரஸ் வேகத்தில் காட்டி முடித்தவர், பின்னறையில் மட்டும் நின்று நிதானமாகப் பேசினார். “மேஸ்திரியே வைக்கலம்மா. நானும் என் மச்சானும் லீவு நாள்ல கட்டினது. ஒவ்வொரு செங்கல்லும் என் கை பட்டது.”

அவர் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எதையோ முணுமுணுத்தார். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் வந்தாள். சின்ன வயதுப் பெண், படபடவென்று பேசுகிறவள். முன்வீட்டைச் சுற்றி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “எல்லாம் ஒன்பது இஞ்ச் சுவர். யாரோ பாத்துப் பாத்துக் கட்டியிருக்காங்க.” பின்னறைக்கு வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. சுவரை விரலால் தட்டினாள். இன்னொரு இடத்தில் தட்டினாள். பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் மூலையில் நின்றிருந்த அலமாரியை நகர்த்தச் சொன்னாள். பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு.

“அக்கா, அந்த டேப்பைக் கொடுங்க.”

கழுத்தில் அளவு டேப்பை மாட்டிக்கொண்டே வந்திருப்பதை டெய்லரக்கா அப்போதுதான் கவனித்தாள். இன்ஜினியர் அதன் நுனியைப் பிளவில் நுழைத்தாள். டேப் போய்க்கொண்டே இருந்தது.

“இந்தப் பக்கம் வந்துடுச்சு!” தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த கணவன் கத்தினான்.

“இது நாலரை இஞ்ச் சுவர்க்கா. இவ்வளவு நீளத்துக்கு நடுவுல ஒரு தூண்கூட இல்ல. வீட்டோட சேத்தும் கட்டல. சும்மா பக்கத்துல வந்து நிக்குது.” பூச்சு விட்டிருந்த இடத்தில் சாவியால் சுரண்டினாள். கலவை உப்பு மாதிரி உதிர்ந்தது. “இதுல சிமெண்ட் பேருக்குத்தான் இருக்கு.” வெளியே போய்ச் சுவரடியில் கம்பியால் தோண்டினாள். ஒரு சாண் ஆழத்திலேயே அஸ்திவாரம் தீர்ந்துபோனது.

மூவரும் அறைக்குள் திரும்பியதும் கணவன் கையைத் தட்டி மண்ணை உதறினான். “சரி, வேற வீடு பாப்போம்.”

“வேற வீடா? முன்வீடு நல்லா இருக்குன்னு இவங்களே சொல்றாங்களே! கோளாறு பின்னாடி மட்டும்தானே?” டெய்லரக்கா இன்ஜினியர் பக்கம் திரும்பினாள். “இதை இடிச்சிட்டு ஒழுங்கா கட்ட முடியுமா, முடியாதா?”

“தாராளமா கட்டலாம். மேல ஷீட்டுதான், இடிக்கறது சுலபம். ஆனா அவர்கிட்ட யாரு சொல்றது?”

சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரைவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

“என் சுவரையா? எத்தனை மழை, எத்தனை காத்து பாத்த சுவர் தெரியுமா? ஆட்டினாலும் ஆடாது!”

“சார், வேண்டாம்...” இன்ஜினியர் முடிப்பதற்குள் அவர் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளினார்.

சுவர் அசைந்தது. ஆணியில் தொங்கிய கடிகாரம் ஊஞ்சலாடியது. மேலே ஷீட் கிரீச்சென்று கத்த, தட்டு அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து அவர் காலடியில் விழுந்தது.

“வெளிய வாங்க! எல்லாரும் வெளிய!” இன்ஜினியர் போட்ட சத்தத்தில் அடுத்த நொடி நால்வரும் தோட்டத்தில் இருந்தார்கள். டெய்லரக்காவின் ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. அடுப்பங்கரையிலிருந்து டிரைவரின் மனைவி ஓடிவந்தார்.

“அன்னைக்கே சொன்னேனே, மேஸ்திரியைக் கூப்பிடுங்கன்னு! கேட்டாரா? பஸ் ஓட்டத் தெரிஞ்சா பஸ் ஸ்டாண்டே கட்டிடலாம்னு நெனப்பு!”

டெய்லரக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் டிரைவரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். அவர் திறந்திருந்த கதவு வழியே அறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பேரப்புள்ளைங்க லீவுக்கு வந்தா இங்கதாம்மா படுப்பாங்க. அந்தச் சுவரோரமாத்தான்.” காலில் ஒட்டியிருந்த பூச்சைக் குனிந்து தட்டினார். பிறகு நிமிர்ந்தார். “இதை இப்படியே உங்க தலையில கட்ட மாட்டேன். என் செலவுலயே இடிச்சுத் தர்றேன். இந்த அறைக்கான விலையையும் கழிச்சுக்குங்க.”

கணவன் டெய்லரக்காவைப் பார்த்தான். அவளோ அதற்குள் காலி மனையில் புது அறையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் மேஸ்திரி ஆட்களோடு வந்து ஷீட்டைக் கழற்றினார். பக்கச் சுவர்களைக் கடப்பாரையால் வரிசை வரிசையாகப் பிரித்தார்கள். தோட்டத்துப் பக்கச் சுவர் மட்டும் தனியாக நின்றது. ஜன்னல் வழியாகக் கயிற்றைக் கட்டித் தூரத்தில் நின்று இழுப்பது என்று முடிவானது.

“நானும் இழுப்பேன்,” என்று டெய்லரக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். டிரைவர் எல்லாரையும் ஒதுக்கி நிறுத்தி, பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வதுபோலக் கையை ஆட்டினார். “வா... வா... அப்படியே வா... விடாதே, வா!”

சுவர் ஒரு கணம் யோசித்தது. பிறகு துவைத்த போர்வையை உதறி விரிப்பதுபோல மொத்தமாக மண்ணில் படுத்தது. புழுதி எழும்பி எல்லாருக்கும் வெள்ளையடித்தது. முதலில் கைதட்டியவர் டிரைவர்தான்!

“இவ்வளவு லேசா விழுந்துடுச்சே,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மனைவியைத் தேடிப் போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பத்திரம் பதிவானதும் வேலை தொடங்கியது. இடுப்பளவு ஆழத்துக்கு அஸ்திவாரம், மூலைக்கு மூலை தூண். முன்வீட்டுச் சுவரில் துளைபோட்டுக் கம்பியை இறக்கிப் புதுச் சுவரோடு பிணைத்தார்கள். ஜன்னலை எங்கே வைப்பது என்று மேஸ்திரி கேட்டபோது, டெய்லரக்கா துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துத் தரையில் வரைந்தாள்.

“அக்கா, இது ஜன்னலா, கடை ஷட்டரா?” என்றாள் இன்ஜினியர்.

“புதுசாத்தானே கட்டறோம்? தாராளமா வையுங்க!”

வைத்தார்கள். மேலே கனமான பீம் ஒன்றும் போட்டார்கள்.

பூச்சு முடிந்த மூன்றாம் நாள் இன்ஜினியர் போன் செய்தாள். “சுவர்ல இன்னும் ஈரம் இருக்குக்கா. மெஷினை எல்லாம் இப்ப உள்ள கொண்டு போயிடாதீங்க, என்ன?”

“சேச்சே, நான் ஏன் கொண்டு போறேன்?”

“பின்ன அது என்ன சத்தம், கடகடன்னு?”

“சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம்,” என்று சொல்லிக்கொண்டே டெய்லரக்கா இன்னும் வேகமாக மிதித்தாள்.