ஐந்தாம் எண் கால்

நான் செருகியது ஒரு செல்போன் சார்ஜர். ஓடியது ஐந்து எச்.பி. மோட்டார். அந்த மோட்டார் பக்கத்தில், கிணற்றுக்குள் இருபதடி ஆழத்தில், பெருமாள்ராஜ் அண்ணாச்சி குத்தவைத்திருந்தார்.

சத்தம் கேட்டால் எந்த மனிதனும் கிணற்றடி ஷெட் சுவரில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அமுக்குவான். நான் போனை எடுத்து, நானே செய்த ஆப்பில் ‘நிறுத்து’ எங்கே இருக்கிறது என்று தேடினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. வரப்பில் நின்ற அவர் மனைவி முத்துராணி அக்காதான் ஓடிவந்து, என்னை இடித்துத் தள்ளிவிட்டுச் சிவப்பை அமுக்கினார்.

கிணற்றுக்குள் சத்தமே இல்லை. நான் கூப்பிடவில்லை. அக்காவும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு பேருக்கும் ஒரே பயம். பிறகு படியில் காலடி கேட்டது. அண்ணாச்சி பைய ஏறி வந்தார். வலது கையைத் துண்டுக்குள் சுற்றியிருந்தார்.

மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் பார்க்கிறவன் நான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும்படி சீவலப்பேரி வயலில் அவருக்கு ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையை மாட்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் விஞ்ஞானி. பட்டம் கொடுத்தது என் உம்மா மட்டும்தான் என்றாலும் நான் மறுக்கவில்லை. அந்தப் பலகை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்குத்தான் அது பழசாகிவிட்டது. சார்ஜரைச் செருகிய அன்றுதான் வைஃபை உள்ள ஈஎஸ்பி பலகைக்கு மாறினேன்; அதற்குக் கரண்டு அந்தச் சார்ஜர் வழியாகத்தான். பழையதில் ஐந்தாம் எண் காலில், அதாவது பின்னில், இருந்த ஒயரைப் புதியதிலும் ஐந்தாம் எண்ணில் செருகினேன், வேறு பஸ்ஸில் ஏறியும் பழைய டிக்கெட்டின் சீட்டு நம்பரில் போய் உட்காருகிறவன் மாதிரி.

மோட்டார் தண்டில் தண்ணீர் ஒழுகுகிறது, அதை அடைக்கக் கயிறு சுற்றிவிட்டு வருகிறேன், ஏறிய பிறகு மோட்டாரைப் போடு என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி இறங்கினார். பலகைக்குக் கரண்டு கொடுப்பது வேறு, மோட்டாரைப் போடுவது வேறு என்று நான் நினைத்தேன். பழைய பலகையில் அது வேறாகத்தான் இருந்தது.

மோட்டார் ஓடியபோது கை எங்கே இருந்தது என்று கேட்டேன்.

“கைக்கு என்னலே, தோள்லதான் தொங்குது” என்றார். அக்கா நீட்டிய டீயை இடது கையால் வாங்கிக்கொண்டார். கரண்டு எகிறியிருக்கும், இந்தப் பக்கம் அப்படித்தான் என்று அவராகவே ஒரு காரணமும் சொன்னார். மறுபடி கேட்டேன். டீ ஆறுகிறது என்றார். அக்காவைப் பார்த்தேன். அக்கா துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் லேப்டாப்பைத் திறந்தேன். பாஸ்வேர்டு மூன்று முறை தப்பானது. கடைசியில் கண்டுபிடித்தேன். புதிய பலகை விழிக்கும்போது, என் நிரல் ஓடத் தொடங்குமுன்பே, ஐந்தாம் கால் கண்ணிமைக்கும் நேரம் தானாக உயிர்பெறும். ஸ்டார்ட்டருக்கு அவ்வளவு போதும். பச்சைப் பொத்தானை ஒருமுறை தட்டியது போல. இதையெல்லாம் பலகையின் கையேட்டிலேயே தெளிவாகப் போட்டிருந்தார்கள். படிக்காதவன் நான். வீட்டில் பல்பு மாட்டிச் சோதித்தபோதும் அது ஒருமுறை மின்னியிருக்கும். நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்டு மேல் பழியைப் போட்டுவிட்டால் முடிந்தது. கரண்டு வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. பழைய பலகை பையில்தான் இருக்கிறது. மாட்டிவிட்டுப் பஸ் ஏறிவிடலாம். பையைத் தூக்கக்கூடச் செய்தேன். கரண்டுதான் காரணம் என்று நம்பி அடுத்த முறை அவர் இறங்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன் என்று தோன்றியது. பையைக் கீழே வைத்தேன். போய் அவர் முன்னால் நின்றேன்.

“கரண்டு இல்ல அண்ணாச்சி. நாந்தான். ஒயரத் தப்பா மாட்டி, நீங்க உள்ள இருக்கையில பிளக்கச் செருகிட்டேன். அல்லா மேல ஆணையாக் கேக்கேன், கை எங்கன இருந்துச்சு?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை அவிழ்த்தார். இரண்டு விரல்களில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“தண்டு மேலதாம்லே இருந்துச்சு. கயிறு இழுத்துச்சு, உருவிட்டேன். கிணத்துல இறங்குனா எப்பவும் மோட்டாருக்குக் கரண்டு போற பீஸ் கட்டையப் புடுங்கி மடியில வச்சிக்கிடுவேன். இன்னைக்கு நீ மேல நிக்கேன்னு புடுங்கல.”