முதல் பரிசு பெற்ற பாதி

எங்கள் வட்டத்தில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தோம். அவர்களில் பாதிப் பேரை நான் நேரில் பார்த்ததில்லை. ஊத்தங்கரையில் ஒரு தையற்காரர், கல்லாவியில் ஓர் உரக்கடைக்காரர், கிருஷ்ணகிரியில் வாத்தியார்கள் மூன்று பேர், ஓசூரில் என்னைப் போல ஆலைகளில் வேலை செய்பவர்கள். எல்லாரும் கவிதை எழுதுபவர்கள்; தபாலில் மட்டும் பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நான் ஸ்டென்சில் வெட்டி என் ஆபீஸ் மெஷினில் உருட்டிய சைக்ளோஸ்டைல் இதழ் போகும். பின்னாலேயே ஒரு நோட்டும் போகும். ஒருவர் கருத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். முகம் தெரியாத தைரியத்தில் அந்த நோட்டில் ஒருவரையொருவர் தாராளமாகத் திட்டிக்கொண்டோம். புனைபெயரில் திட்டியவர் யார் என்று கண்டுபிடிப்பதிலேயே சிலருக்கு இதழைவிட அக்கறை.

1989 பொங்கலுக்குக் கவிதைப் போட்டி வைத்தோம். நடுவர்கள் மூவர்; தலைமை கிருஷ்ணகிரி தமிழாசிரியர் வெங்கடப்பன். பரிசைவிட அவருடைய குறிப்புகளுக்குத்தான் எல்லாரும் பயந்தார்கள். 'எண் ஏழு: நிலாவுக்கு ஓய்வு கொடுங்கள், களைத்துவிட்டது.' 'எண் பன்னிரண்டு: காதலி போய்விட்டாள், சரி. கவிதையுமா?' இப்படி எழுதுவார். ஒரு குறிப்பையும் மறைக்காமல் இதழில் போட வேண்டும் என்பது வட்டத்தின் விதி.

கையெழுத்தை வைத்து நடுவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காக, வந்த கவிதைகளையெல்லாம் ஒரே கையால் பிரதி எடுத்து, பெயரை நீக்கி, எண் போட்டு அனுப்புவோம். அந்த வேலை என்னுடையது. ஓர் ஆலையின் ஸ்டோர்ஸில் நான் எழுத்தர். மூன்று கார்பன் வைத்து அழுத்தி எழுதுவது கைக்குப் பழகியிருந்தது.

கடைசி நாளன்று மெஹபூப் பாஷா ஓசூர் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தான். வேறோர் ஆலையில் பிரஸ் ஆபரேட்டர்; டை என்கிற கனத்த இரும்பு அச்சை மாட்டித் தகடு வெட்டும் வேலை. பாரூர்க்காரன். வட்டத்தில் சேர்ந்து ஆறு மாதம். அதுவரை எதுவும் எழுதியதில்லை. பாரூர்ப் பக்கம் போகும் பஸ் நகரத் தொடங்கியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த அட்டையை எடுத்து என் கையில் திணித்தான்.

"அண்ணா, இதையும் சேர்த்துக்குங்க. நல்லா இல்லைன்னாலும் பரவால்ல, சேர்த்துக்குங்க" என்றபடி ஓடிப்போய்ப் படியில் தொற்றினான்.

அது ஒரு ஜாப் கார்டு. நிரந்தரத் தொழிலாளி ஒவ்வொரு ஷிப்டும் தன் பெயர், இயந்திர எண், செய்த எண்ணிக்கை எல்லாம் நிரப்பிக் கொடுக்கும் அட்டை. அதன் வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தான்.

*காலையில் குளிர்ந்திருக்கும் இரும்பு*
*எண்ணெய் குடித்தபின் மனிதரை மறக்கும்.*
*தொங்கிய டையின் கீழே ஒருத்தன் குனிந்தான்.*
*சங்கிலிக்கு வயதாகிவிட்டதை*
*எழுதி வைக்கக் கட்டமில்லை.*
*தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார்கள்.*
*ஈரம் காய்வதற்குள் மணி அடித்தது.*
*எல்லாரும் வந்தார்கள்.*
*அவன்*

திருப்பிப் பார்த்தேன். அச்சடித்த கட்டங்கள், அவற்றில் நிரப்பிய எழுத்துகள். காகிதம் கிடைக்காமல் பழைய கார்டில் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். என் மேசைக்கு அப்படிப்பட்ட கார்டுகள் நாளுக்கு இருநூறு வரும். நிரப்பிய ஜாப் கார்டை யாரும் படிப்பதில்லை; எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஆணியில் குத்துவோம். பென்சிலால் எழுதிய பக்கத்தை மட்டும் பிரதி எடுத்து எண் முப்பத்தொன்று என்று போட்டு அனுப்பினேன்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு, ஓசூரில் ஒரு பள்ளி வகுப்பறையில் முடிவு அறிவித்தோம். இருபது பேர் வந்திருந்தார்கள். வெங்கடப்பன் முதல் பரிசுக்கான குறிப்பை எழுந்து நின்றே வாசித்தார்.

"எண் முப்பத்தொன்று. நான் நாற்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். இறந்தவனுக்கு இதில் பெயர் இல்லை, ஊர் இல்லை, நாள் இல்லை. ஆகவே அவன் எல்லாருமாக இருக்கிறான். 'அவன்' என்று சொல்லி வாக்கியத்தை முடிக்காமல் விட்ட இந்தத் துணிச்சல் இங்கே வேறு எவருக்கும் வரவில்லை. மற்ற முப்பது பேரும் எங்கே நிறுத்துவது என்பதை இவரிடம் கற்றுக்கொள்ளுங்கள்."

மற்ற இரு நடுவர்களும் அதையேதான் எழுதியிருந்தார்கள். நான் கவிதையை வாசித்தேன். 'அவன்' என்று நிறுத்தியதும் கைதட்டல். மெஹபூப் தட்டவில்லை. வாயை லேசாகத் திறந்தபடி, நான் மேலே படிப்பேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தோளில் சால்வை விழுந்தபோதும் அந்தப் பார்வை மாறவில்லை.

"பாய், பிரியாணி எப்போ?" என்றார் ஊத்தங்கரைத் தையற்காரர். "சால்வை மட்டும் வாங்கிக்கினு ஓடிரலாம்னு பாக்காதே. பாரூர் வரைக்கும் வருவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். மெஹபூபும் சிரித்து வைத்தான். வெளியே வேப்பமரத்தடியில் என்னைத் தனியாக அழைத்துப்போனான்.

"அண்ணா, பின்னாடி இருந்தது பிடிக்கலியா அவங்களுக்கு?"

"பின்னாடி என்ன?"

"கார்டுங்கண்ணா. கட்டத்துல எழுதியிருந்தேனே. அதுதானே கவிதை."

பையில் மூலப்பிரதிகள் இருந்தன. அவன் அட்டையை எடுத்து, முதல் முறையாக, மறுபக்கத்தைப் படித்தேன்.

*பெயர்: சாந்த் பாஷா*
*பிரிவு: பிரஸ்*
*இயந்திர எண்: 8*
*ஷிப்ட்: இரண்டு*
*தேதி: 17.8.88*
*செய்து முடித்தது: 412*
*ரிஜெக்ட்: 1*

மேற்பார்வையாளர் கையெழுத்துக்கான கட்டம் காலியாக இருந்தது.

"என் தம்பி" என்றான். "நான்தான் காண்ட்ராக்ட்ல சேத்து விட்டேன். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கார்டு கிடையாது. அவன் அடிக்கிறதையும் என் கார்டுலதான் எழுதுவேன். செயின் அறுந்து டை விழுந்துச்சு. கேட்டுக்கு வெளிய லாரியில இரும்பு எறக்கும்போது அடிபட்டான்னு எழுதிக்கினாங்க. காண்ட்ராக்டர் லிஸ்டுல பேரே இல்ல. உள்ள வந்ததே இல்லயாம்." என் கையிலிருந்த அட்டையைத் தொட்டுக் காட்டினான்: "அவனுக்குன்னு ஒரு கார்டு போட்டுக் குடுத்தேன், அவ்வளவுதான். அவன் சம்சாரம் அதியாகிட்ட, புஸ்தகத்துல பேரு வருதுன்னு சொல்லிட்டேன்."

என் தவறு என்று அவனிடம் ஒப்புக்கொண்டேன். இதழ் இன்னும் அச்சாகவில்லை, முழுசாகப் போடுகிறேன் என்று சொன்னேன். அவன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவை நான் பார்த்திருக்கக் கூடாது.

விதிப்படி நடுவரிடம் சொல்லியாக வேண்டும். மறுநாள் மாலை கிருஷ்ணகிரிக்குப் போனேன். வெங்கடப்பன் பழையபேட்டையில் குடியிருந்தார். அட்டையை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பாவம்" என்றார் முதலில். அது உண்மையாகவே வந்தது. அப்புறம் என் பெயரைச் சொல்லி அழைத்து, "ஆனா சென்றாயா, இது கவிதை இல்லப்பா. இது புகார் மனு. போலீஸ் ஸ்டேஷன்ல குடுக்க வேண்டியது."

"அங்க வாங்க மாட்டேன்னுதான் இங்க குடுத்திருக்கான் ஐயா."

"அதுக்கு நான் என்ன பண்ண? பேரைப் போட்டா அது ஒருத்தன் செத்த கதை. போடலைன்னா அத்தனை தொழிலாளியும் செத்த கதை. உன் தவறுல ஒரு நல்லது நடந்திருக்குது, அதைக் கெடுக்காதே." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னொண்ணு. தேதி, மெஷின் நம்பர், டிபார்ட்மென்ட்னு எல்லாம் இருக்குது. கம்பெனிக்காரன் கேஸ் போட்டா யார் மேல போடுவான்? ஸ்டென்சில் வெட்டினவன் மேல. அந்த மெஷினே உன் ஆபீஸ் மெஷின்."

பஸ்ஸில் திரும்பும்போது அவருடைய முதல் காரணத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். சூளகிரி தாண்டும்போது அது எனக்குச் சரியாகப் பட்டுவிட்டது. இரண்டாம் காரணத்தை நினைக்கவேயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஸ்டென்சில் வெட்டியபோது 'அவன்' என்ற வரிக்குக் கீழே எட்டு வரிக்கு இடம் இருந்தது. அங்கே ஒரு பூ வரைந்தேன்.

இதழை எடுத்துக்கொண்டு பாரூருக்கு நானே போனேன். மெஹபூபிடம் அடுத்த இதழில் கட்டாயம் என்றேன். "சரிங்கண்ணா" என்றான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அதியா கதவோரம் நின்றிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். பள்ளிக்கூடம் போனதில்லை. கணவன் அவளுக்கு ஒன்றை மட்டும் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தான், தன் பெயரை. பக்கத்தை வாங்கித் தரையில் விரித்து, ஒரு வரி விடாமல் விரலை ஓட்டினாள். கீழே வந்ததும் நின்றாள்.

"இதா, இதா இருக்குது! பாஷா."

"அது என் பேரும்மா" என்றான் மெஹபூப்.

அவள் விரலை எடுத்தாள். பிறகு மேலிருந்து மறுபடி தேடினாள். பூவின் இதழ்களுக்குள்ளும் தேடினாள்.

"அடுத்த புக்குல வரும்மா" என்றேன். அவள் எனக்கு டீ போட எழுந்து போனாள்.

நோட்டு சுற்றத் தொடங்கியது. திட்டுவதற்கென்றே பேனா வைத்திருந்தவர்கள்கூட அந்தக் கவிதையை மட்டும் திட்டவில்லை. கல்லாவி உரக்கடைக்காரர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்: 'அந்த "அவன்" என்னைத் தூங்கவிடவில்லை.' யாரோ ஒருவர் 'மௌனத்தின் உச்சம்' என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தார். இத்தனைக்கும் நடுவில், அது மௌனமல்ல, நான் படிக்காமல் விட்ட பக்கம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. நோட்டு என்னிடம் வந்தபோது, 'அருமை' என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் முதல் வாரம் ஆலைகளில் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். மெஹபூபின் ஆலையில் பெர்சனல் ஆபீசர் யாரிடமோ எங்கள் இதழைப் பார்த்திருக்கிறார். தம் தொழிலாளி ஒருவன் முதல் பரிசு வாங்கியதில் பெருமை. கேட்டுக்கு உள்ளே எட்டடி உயரப் பலகை வைத்து, மஞ்சள் ஹெல்மெட் ஒன்று வரைந்து, கவிதை முழுவதையும் பெயின்டில் எழுத வைத்தார்கள். முடியாமல் நிற்கும் கடைசி வரி பெயின்டர் கண்ணுக்கோ ஆபீசர் கண்ணுக்கோ உறுத்தியிருக்க வேண்டும். முடித்து வைத்துவிட்டார்கள்.

*அவன் கவனமாக இல்லை.*

கீழே: மெஹபூப் பாஷா, பிரஸ் ஷாப்.

எனக்கு இது தெரிந்தது மெஹபூப் சொல்லித்தான். மார்ச் பதினொன்றாம் தேதி மத்தியானம் ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றான். ஷிப்ட் நேரம். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"நாலு நாள் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ள போனேன், அண்ணா. ஆளாளுக்குக் கை குடுக்குறாங்க. 'நல்லா எழுதியிருக்கடா, கவனமா இருந்தா ஏன் சாவறான்'னு ஒருத்தன். என் பேரு வேற கீழ." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அஞ்சாம் நாள் கிரீஸை எடுத்து 'கவனமாக இல்லை'ங்கறதை அழிச்சிட்டேன். அங்க அவன் பேரை எழுதினேன். பெருசா எழுதினேன்."

"யாராவது பாத்தாங்களா?"

"எல்லாரும் பாத்தாங்க. ஷிப்ட் மாறுற நேரம்தானே."

பையிலிருந்து தாளை எடுத்தான். தமிழில் டைப் அடித்த மெமோ. விசாரணை முடியும்வரை தற்காலிக வேலைநீக்கம். படித்துப் பார்த்துவிட்டு, மடித்து அவனிடமே கொடுத்தேன்.

"எங்கூட ஊருக்கு வரீங்களா?" என்றான். "இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீங்க படிச்சிக் காட்டுங்க. எழுதினதைப் படிக்கிறது உங்க வேலைதானே."

குத்தலாகச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

பாரூர் வீட்டில் மெஹபூபின் அம்மா சுக்ரா ஒரு மூலையில் படுத்திருந்தார். மகனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது அவருக்கும் இன்னும் தெரியாது. அதியா எங்கள் கையில் தாளைப் பார்த்ததுமே ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அடுத்த புக்கு வந்துருச்சாண்ணே?"

பதில் சொல்வதற்குள் வாங்கித் தரையில் விரித்தாள். விரல் முதல் வரியில் ஊர்ந்தது, இரண்டாம் வரிக்குப் போனது. நான்காம் வரியில் நின்றது. அப்படியே இருந்தது.

"சாந்த் பாஷா" என்று வாசித்தாள். எங்களிடம் திரும்பினாள். "இருக்குதுண்ணே. அவரு பேரு இருக்குது. டைப்பு அடிச்சிருக்குது." மூலையைப் பார்த்து, "அம்மா, பேரு வந்துருச்சும்மா" என்றாள். சுக்ரா எழுந்து உட்கார்ந்தார்.

அதியா விரலை எடுக்காமலே கேட்டாள்: "முன்னாடி பின்னாடி என்ன எழுதியிருக்குது? படிங்கண்ணே."

நான் குனிந்து, அவள் விரல் இருந்த இடத்திலிருந்து தொடங்கினேன். "சாந்த் பாஷா என்ற..." என்று படித்து அதோடு நிறுத்தினேன்.

மெஹபூப் வாசற்படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை.

"முழுசா படிங்கண்ணா" என்றான்.

படித்தேன். "தாங்கள் கடந்த ஒன்பதாம் தேதி முதல் ஷிப்ட் தொடங்கும் வேளையில், நிறுவனத்தின் பாதுகாப்புப் பலகையைச் சேதப்படுத்தி, அதில் சாந்த் பாஷா என்ற, இந்நிறுவனத்தில் எக்காலத்திலும் பணிபுரிந்திராத ஒரு நபரின் பெயரை எழுதியுள்ளீர்கள்."

அதற்குக் கீழே கட்டங்கள் இருந்தன. மெஹபூபின் பெயர், பிரிவு, இயந்திர எண், ஷிப்ட், தேதி. எல்லாம் சரியாக நிரப்பியிருந்தது. கையெழுத்தும் இருந்தது. அவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்தேன்.