நீளமான பெயர்

1

"சித்தப்பா, இதை எழுதிராதீங்க" என்று ரீபா சொன்ன நிமிஷத்தில் பிறந்தது இந்தக் கதை. பெயரை மாற்றிவிட்டேன், அவள் ரீபா இல்லை.

முதலில் எழுதியது: தாமிரபரணியின் மேல் காலைப்பனி... (அடித்துவிட்டேன். குழந்தைக்கு மூச்சு முட்டும்போது ஆற்றுக்கு என்ன வேலை?)

2

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி. பச்சைக்குழந்தைகளின் மூச்சைக் காட்டும் திரை, செவ்வாய்க்கிழமைதோறும் இருபது நொடி உறைந்துவிடுகிறது. அதைப் பராமரிக்கும் கம்பெனியில் ரீபாவுக்கு வேலை. காரணம் தெரிய கெர்னலில் டிரேஸைத் திறக்க வேண்டும். கெர்னல் என்பது கணினியின் உள்மனசு (மட்டமான உவமைதான்). டிரேஸ், அதன் வழியே போகிற எல்லாவற்றையும் எழுதிவைக்கும்: கோளாறையும், வரவேற்பில் பதிகிற நோயாளி பெயரையும்.

அவள் கம்பெனி மேலாளர் [   ] அண்ணாச்சி மறுத்தார். அவர் அறையில் 'பாதுகாப்பே எங்கள் சுவாசம்' என்று பொன்னெழுத்துப் பலகை. பலகைக்குப் பின்னால் பாஸ்வேர்டு ஒட்டியிருக்கும்.

"இருபது நொடிதானம்மா? பைய பாப்போம்."

"நீங்க இருபது நொடி மூச்சை அடக்கிப் பாருங்க சார்."

அடக்கினார். பதினொன்றில் இருமினார்.*

3

ரீபா கேட்காமலே அரைமணி நேரம் திறந்தாள். அகப்பட்டது ஒரு பெயர். பாட்டன், அப்பன், ஞானஸ்நானம், வீட்டுப்பெயர் என்று நம்ம ஊர் வழக்கப்படி ஒன்றாகக் கோத்தது. நிரல் எழுதியவன் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஒதுக்கவில்லை. வரவேற்பும் குழந்தைகளின் திரையும் ஒரே கணினியில்; பெயர் வழிந்தது, திரை உறைந்தது.

பக்கத்தில்: புற்றுநோய்ப் பிரிவு, செவ்வாய், காலை பத்து.

அண்ணாச்சியின் பெயர். செவ்வாய் காலை அவருக்கு 'ஜங்ஷனில் மீட்டிங்' என்றுதான் அலுவலகத்துக்குத் தெரியும்.

4

பொய்யாக ஒரு நீளப்பெயரைப் போட்டுக் கோளாறைக் காட்டலாமே? நானும் கேட்டேன்.

"அந்த நீளம் உனக்கு எப்படித் தோணிச்சும்பாரு. வேலை போனாப் போவட்டும் சித்தப்பா. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, அவரு அங்கன வைத்தியத்துக்கே போவ மாட்டாரு."

முடிவு அ: அவள் சொல்கிறாள். அவர் அடுத்த வாரம்...

முடிவு ஆ: சொல்லவில்லை. ஏழாம் தொட்டில் குழந்தை...

இரண்டையும் முடிக்க எனக்குக் கை வரவில்லை.

5

அண்ணாச்சிக்கு 'டைட்டஸ்' என்று சின்னப் பெயர் வைத்துப் பார்த்தேன். கதை ஓடவில்லை, சின்னப் பெயரில் திரை உறையாது. அதனால்தான் மேலே அந்த வெற்றிடம். ஆனால் செவ்வாய்தோறும் காணாமல் போகிற, நாலு பெயர் கோத்த மேலாளர் நம்ம ஊரில் எத்தனை பேர்? மறைக்கிறேன் என்று நானும் டிரேஸைத் திறந்துவைத்துவிட்டேன்.

திறந்தது திறந்ததுதான். அண்ணாச்சி, படிக்கிறது நீங்கள் என்றால்: நாளைக்கு வரவேற்பில் பெயரைச் சுருக்கிச் சொல்லுங்கள். இனிஷியல் போதும். போகாமல் மட்டும் இருந்திராதீங்க.

நாளை செவ்வாய். பத்து மணிக்குத் திரை நிற்காமல் ஓடினால், நீங்கள் பெயரைச் சுருக்கினீர்களா, வரவே இல்லையா என்று ரீபாவுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் அவள் மறுபடியும் திறக்க வேண்டும்.

---
* அந்த இருமலை அவள் அப்போது கவனிக்கவில்லை. சிரித்தாளாம்.