மணியடி, இரண்டு படி இறங்கு

காலையிலேயே மார்ஜரி லியோனாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நாளைக்குப் பத்து மணிக்கு மீட்டிங். மறக்கலையே?"

"எழுபத்தாறு வயசுதான் ஆகுது மார்ஜரி. மூளை இன்னும் இருக்கு."

"அப்பா உங்ககிட்ட பேசினாரா?"

"இன்னும் இல்லை."

"பேசுவார். பழைய கதையெல்லாம் எடுத்துவிட்டு உங்களை அழவைப்பார். ஆன்ட்டி, நான் கம்பெனியை மூடச் சொல்லலை. வீடு வீடாப் போய் விக்கிறதைத்தான் நிறுத்தச் சொல்றேன். பிரஷ்ஷைப் பெரிய கடைங்களுக்குக் கொடுத்தா ஃபேக்டரியாவது பிழைக்கும். அப்பா ஒரே பிடியா முடியாதுங்கிறார். மிச்சம் உங்க ஓட்டுதான்."

"தெரியும்மா. அதான் ரெண்டு நாளா யோசிச்சுக்கிட்டே இருக்கேன்."

பொய்யில்லை. ஹாலக் பிரஷ் கம்பெனியில் வெர்னன் ஹாலக்குக்கு ஒரு பங்கு, அவர் மகள் மார்ஜரிக்கு ஒரு பங்கு, லியோனா பாச்செக்குக்கு ஒரு பங்கு. மார்ஜரி பக்கம் சாய்ந்தால் நாற்பத்தாறு வருடமாகக் கூடவே நடந்த வெர்னனின் நெஞ்சை உடைத்தவள் ஆவாள். வெர்னன் பக்கம் சாய்ந்தால் ஃபேக்டரியில் பிரஷ் கம்பி முறுக்கும் பெண்கள் இந்தக் கிறிஸ்துமஸுக்குள் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மேன்ஸ்ஃபீல்ட் ஊரில் ஏற்கெனவே பாதி ஆலைப் புகைபோக்கிகள் புகைவதில்லை.

மதியம் அவள் நாளைய கூட்டத்துக்காகக் கோலாச்சி ரொட்டி சுட்டு, நடுவில் பிளம்ஸ் ஜாம் வைத்து ஆறவிட்டாள். பிறகு சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கைப் பிரஷ்ஷால் தேய்க்கத் தொடங்கினாள். ரேடியோவில் க்ளீவ்லாந்து அணியின் பேஸ்பால் ஆட்டம். வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

லியோனா எழுந்து ஜன்னல் திரையை விரல் நுனியால் விலக்கிப் பார்த்தாள். ஆள் தெரியவில்லை. வராந்தாத் தூணுக்கு அப்பால், படியில் ஒரு கறுப்புப் பெட்டி மட்டும் தெரிந்தது. விற்பனைக்காரன்.

மெல்ல வந்து ரேடியோவை அணைத்தாள். கையில் ஈர உருளைக்கிழங்கோடு, மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டபடி அப்படியே நின்றாள். போய்விடுவான். எல்லாரும் போய்விடுகிறார்கள்.

நின்ற நிலையில்தான் அந்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் உருளைக்கிழங்குதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. கணவன் எமிலுக்கு அடுப்புத் தொழிற்சாலையில் வேலை போயிருந்த வருடம். கதவைத் திறந்தால், மூக்கு கதவில் இடிக்கிற மாதிரி ஒரு ஒல்லிப் பையன்.

"மேடம், நான் வந்து..."

"முதல்ல கீழே இறங்கு."

"என்ன மேடம்?"

"மூஞ்சியைக் கதவுல ஒட்டிக்கிட்டு நின்னா எந்தப் பொம்பளை திறப்பா? இறங்கு. இன்னும் ஒரு படி. ஆங். தொப்பியைக் கழட்டு. இப்ப சொல்லு, என்ன வேணும்?"

"காலையிலேர்ந்து ஒரு கதவும் திறக்கலை மேடம். ஏன்னு இப்பதான் புரியுது."

"பெட்டியில என்ன?"

"பாட்டில் கழுவுற பிரஷ். எங்கம்மா கராஜ்ல உட்கார்ந்து நானே முறுக்கினது."

லியோனா வாங்கிப் பால் பாட்டிலுக்குள் விட்டுச் சுழற்றினாள். கர்ரென்று சத்தம் வந்தது.

"அடியில கம்பி கீறுது பாரு. நுனியில ஒரு கொத்து முடி வெச்சுக் கட்டி நாளைக்குக் கொண்டு வா."

"அப்ப வாங்குவீங்களா?"

"வாங்க எங்கிட்ட காசு ஏது? ஆனா எதிர் வீட்டு எட்னாவை வாங்க வெப்பேன்."

மறுநாள் வெர்னன் கொத்து முடி வைத்துக்கொண்டு வந்தான். எட்னா வாங்கினாள். எட்னாவின் அக்காவும் வாங்கினாள். அந்த வாரக் கடைசியில் வெர்னனும் லியோனாவும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவின் இரண்டு பக்கமும் நடந்தார்கள்.

பிறகு என்னென்னவோ நடந்தது. வேலை போன ஆண்கள் எல்லாம் இந்த வீட்டுப் புல்தரையில் வரிசையில் நின்றார்கள். வராந்தாவில் நின்று லியோனா பாடம் எடுத்தாள்.

"மணி ஒரு தடவை. ரெண்டு படி கீழே. தொப்பி கையில. கதவை முறைச்சுப் பாக்காதே, தோட்டத்தைப் பாரு. அவங்க திறந்ததும் பூவைப் பத்திப் பேசு."

"பூ இல்லேன்னா மிஸஸ் பாச்செக்?"

"பூனையைப் பத்திப் பேசு."

"பூனையும் இல்லேன்னா?"

"அப்ப அது உன் மாமியார் வீடு. ஓடிடு."

சனிக்கிழமை சாயங்காலங்கள் வெர்னனுடையவை. ஆட்கள் எல்லாரும் கூடுவார்கள். எவ்வளவு விற்றாய் என்று வெர்னன் ஒருவரையும் கேட்டதில்லை. "என்ன குறை சொன்னாங்க?" என்றுதான் கேட்பான். அந்த வாரத்தின் மோசமான குறையைக் கொண்டுவந்தவனுக்குத்தான் லியோனா சுட்ட கோலாச்சியில் முதலாவது. மிச்சப் பேர் சப்புக்கொட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டும். கூரை மூலைச் சிலந்தி வலைக்குக் கை எட்டவில்லை என்று ஒரு கிழவி திட்டியதிலிருந்து நீளக் கைப்பிடிப் பிரஷ் பிறந்தது. ரேடியேட்டர் இடுக்குப் பிரஷ், தொப்பிப் பிரஷ், எல்லாம் யாரோ ஒருத்தி வாசலில் நின்று வைததில் வந்தவைதான். கராஜ் பட்டறையாயிற்று, பட்டறை ஆறு ஏக்கர் ஃபேக்டரியாயிற்று. வெர்னனின் படம் பத்திரிகைகளில் வந்தது. எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் ஒரே பதில் வைத்திருந்தார்: "படியிறங்கித்தான்." யாருக்கும் புரியாது. லியோனா மட்டும் பேப்பரை மடித்துவைத்துச் சிரிப்பாள்.

வெளியே காலடிச் சத்தம் புல்தரையைத் தாண்டிப் போய்விட்டது. அப்பாடா என்று உருளைக்கிழங்கை வைத்தாள். சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"லியோனா."

"வெர்னன்! எங்கேர்ந்து பேசுற? ஒரே இரைச்சலா இருக்கு?"

"தெருமுனை மருந்துக்கடை போன்."

"எந்தத் தெருமுனை?"

"உன் தெருமுனைதான்."

லியோனா ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஆட்டம் எப்படிப் போகுது?" என்று கேட்டார் வெர்னன்.

"என்ன ஆட்டம்?"

"மணியடிக்கிறப்ப உள்ளே ரேடியோ கேட்டுச்சு. அப்புறம் நின்னுடுச்சு. அதான் கேட்டேன்."

அவள் முகம் அடுப்புக்கு முன் நின்றது போலச் சுட்டது.

"அட கிறுக்கா, நீயா அது! கதவுக்கு நேரா நின்னு தொலைக்க வேண்டியதுதானே? ஜன்னல்ல பார்த்தேன், வெறும் பெட்டிதான் தெரிஞ்சுது!"

"ரெண்டு படி இறங்கி நின்னேன். வேற எங்க நிப்பேன்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே?"

"பெட்டி தூக்கினவன் வீட்டுக்காரம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. நீ போட்ட சட்டம்."

"எதுக்கு இந்த வேஷம்?"

"நாளைக்கு உன் ஓட்டு வேணும். சும்மா போன்ல கேக்க மனசு வரலை. பழைய பெட்டியைத் தூசி தட்டி, பஸ் ஏறி வந்தேன். நீ கதவைத் திறந்து சிரிப்பே, அப்ப கேக்கலாம்னு நெனைச்சேன். லியோனா, இன்னைக்குத்தான் திறக்கலையா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். உடம்பு சரியில்லை, தூக்கம், ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"இல்லை," என்றாள். "எமில் போனதுலேர்ந்தே யாருக்கும் திறக்கிறதில்லை. போன மாசம் நம்ம ஆளே வந்தான் வெர்னன். நம்ம பேர் போட்ட பெட்டி. ஹால்ல திருடி மாதிரி நின்னேன்."

"நம்ம ஆளா?"

"ஆமா."

"எங்க நின்னான்?"

"ரெண்டு படி கீழேதான். தொப்பி இல்லை, ஆனா தோட்டத்தைத்தான் பார்த்துக்கிட்டிருந்தான். ஆளை நல்லாத்தான் பழக்கியிருக்கே."

"நீயே திறக்க மாட்டேங்கிற," என்றார் வெர்னன், யாருக்கோ சொல்வது போல.

"பஸ்ஸுக்குப் போயிடாதே. இப்பவே திரும்பி வா. காபி வெக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. வருவாரா, மாட்டாரா? காபி கொதித்து இறங்கியது. லியோனா ஏப்ரனைக் கழற்றினாள், மறுபடி கட்டினாள்.

மணி அடித்தது. ஒரே ஒரு தடவை.

கதவைத் திறந்தாள். அறுபத்தெட்டு வயது வெர்னன் ஹாலக் இரண்டு படி கீழே, கையில் தொப்பியோடு, துலிப் பாத்தியைப் பார்த்தபடி நின்றிருந்தார். மூச்சு வாங்கியது. கண்ணோரம் ஈரம், காற்று ஒன்றும் அப்படி அடிக்கவில்லை.

"துலிப் நல்லா வந்திருக்கு மேடம்."

"எனக்கு எதுவும் வேண்டாம்ப்பா."

"விக்க வரலை மேடம். ஒரு குறை கொண்டுவந்திருக்கேன்."

"என்ன குறை?"

"இந்த ஊர்ல கதவைத் தட்டினா ரேடியோவை அணைச்சிடறாங்க."

லியோனா உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். நாளைக்கென்று வைத்திருந்ததில் நடுவிலிருந்த பெரிய கோலாச்சியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைவிட மோசமான குறை யாரும் கொண்டுவந்ததில்லை," என்றாள்.

வெர்னன் படியிலேயே நின்று ஒரு கடி கடித்தார். ஜாம் மீசையில் ஒட்டியது.

"நாளைக்கு என்ன சொல்லப்போற?"

"கடைக்குக் கொடுக்கலாம்னுதான். கோபமா?"

"யார் மேல கோபப்படறது? மோசமான குறை வந்தா பொருளை மாத்தணும். அதுவும் நான் போட்ட சட்டமாச்சே." மீசையைத் துடைத்தார். "ஆனா மார்ஜரிகிட்ட ஒண்ணு கண்டிப்பாச் சொல்லணும். கடை அலமாரியில நம்ம பிரஷ்ஷை விளிம்புல, வர்றவங்க மூஞ்சியில இடிக்கிற மாதிரி வெக்கக் கூடாது."

"பின்னே?"

"கொஞ்சம் உள்ளே தள்ளி வெக்கணும். அவங்களா கை நீட்டி எடுக்கட்டும்."

லியோனா கதவை இன்னும் அகலமாகத் திறந்தாள்.

"உள்ளே வா. காபி ஆறுது. ஆட்டம் இன்னும் முடியலை."