சுற்றியதில் பிழை

1

2024 நவம்பர் 14, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கள்ளக்குறிச்சியில், என் வீட்டு மேசையில் இக்கதையைத் தொடங்குகிறேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. வடக்கனந்தல் சாலைத் தொழிற்கூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் சோதனைப் பதிவேடு எழுதினேன். அங்கே கண்ணாடி இழை சுற்றிய கொளஞ்சியம்மாள் நேற்று வந்தார். அவர்களின் புதிய கூடத்துக்கு இழை சுற்ற ஆள் எடுக்கிறார்களாம். பதிவேட்டின் ஒரு வரியைக் காட்டி அவரைத் தள்ளிவிட்டார்களாம். அவ்வரி என்னுடையது.

2

முதல் தொடக்கம்:

"மேற்குச் சன்னலில் கல்வராயன் மலை நீலமாக நின்றது. திரையை விலக்குங்கள், மலை தெரியட்டும் என்பேன். மாலை வெயில் சோதனை மேசையில் சாயும். தொலைவில் அருவியின் ஓசை…"

(அடித்துவிட்டேன். அங்கே அருவி கேட்காது.)

3

எங்கள் தொழிற்கூடத்தில் செய்த ஜைரோ என்பது, தான் எவ்வளவு திரும்பியது என்று சொல்லும் கருவி. இழைச்சுருளின் இரு முனைகளிலிருந்தும் ஒளி எதிரெதிராக ஓடும்; கருவி திரும்பினால் ஓர் ஒளி சற்றே பிந்தும். அசையாமல் வைத்தால் புவியின் சுழற்சியை மட்டும் காட்ட வேண்டும். 2019இல் எங்கள் கருவி கூடுதலாகக் காட்டியது. "சுற்றியதில் பிழை" என்று எழுதினேன். கருவி காட்டிய சுழற்சி தவறு என்பதே நான் கருதிய பொருள்.

மேலாளர் வீரமுத்து, இழையைச் சுற்றியதில் பிழை என்று படித்தார். கொளஞ்சியம்மாள் பொதி கட்டும் வேலைக்கு மாற்றப்பட்டார்.*

* "சுற்றியதில் பிழை": எழுவாயற்ற வாக்கியம்; சுற்றியது எது, யார் என்று சொல்லவில்லை. ஆறாம் வகுப்பு மாணவி எழுதினால் திருத்தியிருப்பேன். அன்று நான் வாய் திறக்கவில்லை; ஒருவேளை அவர் சுற்றியதிலும் பிழை இருக்கலாம் என்று…

4

முதல் தொடக்கத்தை மீண்டும் படித்தேன். "மாலை வெயில் சோதனை மேசையில் சாயும்." அழகுக்காக எழுதிய வரி.

சுருளின் ஒரு பக்கம் மட்டும் சூடேறும்போது, எதிரெதிர் ஒளிகள் அவ்விடத்தை வெவ்வேறு கணங்களில் கடக்கின்றன. இடையில் அங்கே சூடு மாறிவிடுவதால், அசையாத கருவியும் திரும்பியதாகச் சொல்லும். என்னிடமிருந்த பதிவேட்டுப் படியை எடுத்தேன். பிழை மாலைகளில் மட்டும் வந்திருந்தது. மழை நாள்களில் இல்லை. எல்லாம் என் கையெழுத்து.

5

மறுநாள் கொளஞ்சியம்மாளை வரவழைத்துச் சொன்னேன்.

"வெயிலா? அஞ்சு வருசமா எங் கையிலதான் நடுக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன் மேடம்."

"திரையை விலக்கச் சொன்னவள் நான்."

"அதான! 'மலை தெரியட்டும், மலை தெரியட்டும்'னு… மலை இன்னா, ஓடியா பூடும்?" சிரித்தார். பிறகு மேசைத்தாள்களைப் பார்த்தார். "இன்னா இது, கதையா? அத்த அப்புறமா எழுதிக்கோங்க. திங்கக்கெழமைக்குள்ள எனக்கு லெட்டர் வோணும்."

"'வோணும்' அன்று, 'வேண்டும்'."

"ரெண்டுல எதுனா ஒண்ணு குடுங்க மேடம்."

6

இக்கதைக்கு மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.

இறுதியாக முடிவானது இது. தொழிற்கூடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்: "சோதனையின்போது திரையை விலக்கச் சொன்னவள் நான். அவ்வரியைத் தெளிவின்றி எழுதியவளும், அது தவறாகப் படிக்கப்பட்டதை அறிந்தும் பேசாதிருந்தவளும் நான். கொளஞ்சியம்மாள் சுற்றிய சுருளில் பிழை இருந்ததற்குச் சான்று எதுவுமில்லை." கையொப்பமிட்டு, பதிவேட்டுப் படியை இணைத்து, அவரிடமே கொடுத்தேன். திங்களன்று அவர் நேரில் கொண்டுபோவார். அவர்கள் என்ன சொல்வார்கள் என்று நான் எழுதமாட்டேன். இன்று வெள்ளிக்கிழமை.