கப்பல் வைத்தியரின் முதுகு

ஏகப்பன் கண்ணைத் திறந்தபோது காரியம் முடிந்திருந்தது.

லிவரை இழுத்தவர் அவர். அதற்கு முன் கற்பூரம் ஏற்றியவர் அவர். கட்டிங் மெஷினின் இரும்பு நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் நடுவே குங்குமம் இட்டு, "முருகா, நல்லபடியா நடத்திக் குடு" என்று கண்ணை மூடிக்கொண்டவரும் அவரே. பழியைப் பங்கு போட அந்த அறையில் வேறு ஆள் இல்லை. பைண்டிங் வேலை பார்க்கும் றோஸி வாசலில் நின்று, கடதாசிக் கட்டுகளை மழைத் தண்ணீரில் இறக்கி வைத்த லொறிக்காரனோடு சிங்களத்தில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஏகப்பன் பிரவுண் பேப்பரை விலக்கினார். உள்ளே இருந்திருக்க வேண்டியது அவருடைய சொந்தப் புத்தகம். முந்நூறு வருடத்துக்கு முன் ஓர் ஒல்லாந்த மாலுமி இலங்கைக்கு வந்து, பாதிப் பல்லைப் பறிகொடுத்து, ஊர் திரும்பி, நம் யானைகளைப் பற்றி வாய் கூசாமல் பொய் எழுதிய கடற்பயண நூல். ஆனால் பேப்பருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது வெள்ளவத்தை டொக்டர் பைறோஸாவின் புத்தகம். கப்பலில் போகும் சத்திரவைத்தியருக்கு, எந்தக் காலை எந்த இடத்தில் எந்த ரம்பத்தால் அறுப்பது என்று சொல்லிக்கொடுக்கும் கைநூல். அதன் தோல் முதுகு, தங்கக் கோடுகளோடு, கழிவுக் கூடையில் தனியாகக் கிடந்தது.

"ஐயோ!" என்றார் ஏகப்பன். அந்தச் சத்தத்தில் லொறிக்காரன்கூடச் சண்டையை நிறுத்தினான்.

றோஸி ஓடி வந்தாள். கூடையைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள்.

"மாதாவே! சேர், இது டொக்டரம்மாட புத்தகமெல்லா?"

"ஆமா."

"வெட்டக்கூடாதெண்டு சொன்ன புத்தகம்?"

"ஆமா, றோஸி, ஆமா!"

"கோயில்ல கிடாய் வெட்டுறவனும் கண்ணை முழிச்சுக்கொண்டுதான் சேர் வெட்டுறான்."

ஏகப்பன் கடதாசிக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அது நனைந்திருந்தது. அதுவும் பிறகுதான் தெரிந்தது.

பழைய புத்தகத்தை மறுபதிப்புச் செய்கிறவன் மறுபடி எழுத்துக் கோப்பதில்லை. பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து அச்சடிக்கிறான். தடித்த புத்தகம் கமராவின் கீழே மட்டமாகப் படுக்காது. நடுவில் பள்ளம் விழுந்து, உட்பக்கத்து எழுத்தெல்லாம் நிழலுக்குள் போய்விடும். அதனால் முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரித்துவிடுவார்கள். முந்நூறு பிரதி பிறக்க ஒரு பிரதி சாகவேண்டும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு. கொட்டாஞ்சேனையில் ஏகப்பனின் அச்சகம் சில வருடங்களாக இந்தக் கொலையைத்தான் செய்து வந்தது. கடற்பயண நூல்கள், கப்பல் வைத்திய நூல்கள் எல்லாம் வெளிநாட்டு நூலகங்களுக்குப் போகும். கொழும்பில் இவற்றை வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். வாசிக்கிறவர்கள் அதிலும் கொஞ்சம். ஏகப்பனே வாசித்ததில்லை. இரத்தம் என்ற சொல்லைப் பார்த்தாலே அவருக்கு நெற்றி வேர்க்கும். கால் அறுக்கும் படங்கள் உள்ள பக்கங்களுக்கு அவர் ஃபுரூஃப் பார்ப்பது ஒரு கண்ணால்.

ஒவ்வொரு புதுப் புத்தகத்துக்கும் முதல் வெட்டை அவரே வெட்டுவார். குடும்பத்தில் யாரும் பூசை போடாமல் ஒரு காரியம் தொடங்கியதில்லை. இதற்கு மட்டும் விதிவிலக்கு எதற்கு? அதிலும் ஏகப்பனுக்கு இளகிய மனசு. சாகப்போகும் புத்தகம் கத்தியைப் பார்க்க வேண்டாம் என்று அதற்குப் பிரவுண் பேப்பர் சுற்றிவிடுவார். டொக்டரின் புத்தகத்துக்கும் பிரவுண் பேப்பர் சுற்றியிருந்தார், கொழும்பு ஈரமும் றோஸியின் பசைக் கையும் அதில் படக்கூடாது என்று. ஒன்றுக்கு இரக்கப்பட்டுச் சுற்றியது, மற்றதற்குப் பயந்து சுற்றியது. இரண்டும் ஒரே பருமன். அன்று காலை இரண்டும் மெஷின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இது தற்செயல். ஆனால் யார் நம்புவார்கள்? ஏனென்றால் இதே புத்தகத்தை வெட்ட அனுமதி கேட்டு, இதே டொக்டரிடம், அவர் ஒரு தடவையல்ல, போகிற போதெல்லாம் கெஞ்சியிருந்தார்.

"முதுகை மட்டும் எடுத்துட்டு, பிறகு புதுத் தோல் போட்டுக் கட்டித் தர்றேன், டொக்டர். பழசைவிட நல்லா இருக்கும்."

"முதுக எடுத்துட்டா மனிசன் எழும்பி நடக்கியா, செட்டியார்? விரிச்சுப் புடிச்சுப் படமெடுக்க ஏலுமெண்டா எடுங்க. இல்லாட்டி உடுங்க."

"என் கையை வெட்டினாலும் உங்க புத்தகத்தை வெட்டமாட்டேன், டொக்டர்."

இப்படிச் சத்தியம் பண்ணித்தான் வாங்கி வந்தார்.

அன்றே மருதானையில் ரயில் ஏறினார். தாள்களையும் முதுகையும் சேர்த்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு சாரத்துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஜன்னலுக்குள் கடல் வந்தது. எதிரே இருந்த பெரியவர் பொட்டலத்தைப் பார்த்து, "மொக்கத மாத்தயா, கேக்கெக்கத?" என்றார். கேக்கா என்று கேட்கிறார். "நே, பொத்தக்" என்று ஏகப்பன் சொன்னார். புத்தகம் என்று சொல்ல வாய் கூசிற்று. இனி அது புத்தகமா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

டொக்டர் பைறோஸா சத்திரவைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் வீடு. அவருடைய கணவர் அலவி கப்பலில் டொக்டராக இருந்தவர். ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் இந்தக் கைநூலை வாங்கியவர் அவர்தான். அவர் இறந்து இரண்டு வருடம்.

கதவைத் திறந்ததும் ஏகப்பன் சொல்லிவிட்டார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் சொல்லமாட்டார் என்று அவருக்கே தெரியும்.

"டொக்டர், வெட்டிட்டேன்."

"எங்க? காட்டுங்க!" டொக்டர் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினார். "எந்த வெரல்? தையல் போடணுமா?"

"கை இல்ல டொக்டர்." பொட்டலத்தை நீட்டினார்.

டொக்டர் முடிச்சை அவிழ்த்தார். மேலே கிடந்த தோல் முதுகை எடுத்தார். அதை இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் முகத்தில் இரத்தம் இறங்கிப் போவதை ஏகப்பன் கண்ணால் பார்த்தார். நாற்பது வருடம் மனிதரை அறுத்தவர் ஒரு துண்டுத் தோலைப் பார்த்து வாயடைத்து நிற்பார் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஏசுவார் என்று நினைத்திருந்தார். ஏசினால் தாங்குவதற்கு ரயிலில் பயிற்சிகூட எடுத்திருந்தார்.

"தற்செயலா நடந்திச்சு டொக்டர். சத்தியமா. புத்தகம் மாறிப்போச்சு."

"ம்."

"நான் வேணும்னு செய்யல்ல. நீங்க நம்புறீங்கதானே?"

டொக்டர் முதுகைத் திரும்பத் துணிக்குள் வைத்தார். "இரிங்க. தேத்தண்ணி ஊத்திட்டு வாறன்."

தேத்தண்ணி வந்தது. இஞ்சி போட்டிருந்தது. ஏகப்பன் இன்னொரு தடவை கேட்டார்.

"ஆறிப் போகும், குடிங்க" என்றார் டொக்டர்.

வீட்டுக்கு வந்து மனைவி மெய்யம்மையிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் முழுக்கக் கேட்டாள்.

"உங்களுக்கும் அதை வெட்டணும்னு ஆசை இருந்திச்சுதானே?"

"அதுக்காக? அதுக்காக வெட்டுவேனா?"

"நான் எங்க சொன்னேன்? சாப்பிட வாங்க, குழம்பு ஆறுது."

ஊரில் உள்ளவர்கள் எல்லாம் அவருக்கு ஆறப்போகிற சாமானைக் காட்டியே பதிலைத் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் றோஸியைப் பிடித்தார். "நீ சொல்லு. உனக்கு என்னைத் தெரியும். நான் தெரிஞ்சு செய்வேனா?"

"எனக்கென்ன சேர் தெரியும்? நான் லொறிக்காரனோட நிண்டனான்." கொஞ்சம் யோசித்து, "ஆனா ஒண்டு, இனிக் கமராவுக்குக் கீழ வடிவாப் படுக்கும்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஏகப்பனுக்கு மயிர் கூச்செறிந்தது.

அதுதானே விஷயம். தான் விரும்பியது அப்படியே நடந்துவிட்டது. போலிசுக்காரன் விசாரித்தால் முதல் கேள்வியே, இதனால் யாருக்கு லாபம் என்பதுதான். குளிக்கும்போதும், பஸ்ஸிலும், சந்தனம் குழைக்கும்போதும் அவர் தன்னையே விசாரித்தார். மேசையில் இரண்டு பொட்டலம் இருந்தன. கை ஏன் இடப்பக்கம் போனது? மனசு அறியாமல் கை அறிந்திருக்குமா? இப்படியே போனால், தான் செய்யாத குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிடுவோம் என்று பயந்தார். கப்பல் வைத்தியர் கைநூலை அச்சடிப்பதில்லை என்று முடிவு செய்து நூலகங்களுக்கு அறிவித்தார். அப்படியும் மனசு அடங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போனார். டொக்டர் கதவைத் திறந்தார், தேத்தண்ணி ஊற்றினார், பாமன்கடையில் மீன் விற்கிற விலையைப் பற்றிக் கதைத்தார். அடுத்த ஞாயிறும் போனார். அன்று மருமகளின் முழங்கால் வலியைப் பற்றிக் கதை. புத்தகம் கண்ணில் படவில்லை. அவரும் கேட்கவில்லை, டொக்டரும் சொல்லவில்லை. "போய்ட்டு வாங்க" என்று மட்டும் வழியனுப்பினார். ஏசித் துரத்திவிட்டால் நிம்மதியாக வீட்டில் கிடக்கலாம். இது உபசாரம் பண்ணியே ஆளை வதைக்கிற வேலை.

அதற்கடுத்த ஞாயிறு டொக்டர் தேத்தண்ணி ஊற்றவில்லை.

"உள்ளுக்கு வாங்க, செட்டியார்."

சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள்கள் விரிந்து கிடந்தன. கடல் காற்றுக்குப் பறக்காமல் ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு மருந்துப் போத்தல். ஏகப்பன் வாசலிலேயே நின்றுவிட்டார். வெட்டிய நாளிலிருந்து அவர் அந்தத் தாள்களை ஒரு கணமும் நேரே பார்த்ததில்லை.

"கிட்ட வந்து பாருங்க. உள்பக்கத்து ஓரத்தப் பாருங்க."

ஏகப்பன் குனிந்தார். அது ஒரு படப் பக்கம். மாலுமி ஒருவன் கட்டையைக் கடித்துக்கொண்டு கிடக்கிறான். இரண்டு பேர் தோளை அமுக்குகிறார்கள். வைத்தியர் ரம்பத்தைத் தொடைக்குக் கீழே வைக்கிறார். மேலே, உள்பக்கத்து வெள்ளை ஓரம் தாராளமாக இருந்தது. கீழே வரவர அது ஒடுங்கி, ஒடுங்கி, பக்கத்தின் அடியில் கத்தி படத்துக்குள்ளேயே புகுந்திருந்தது. வைத்தியரின் முழங்கை இல்லை. அடுத்த தாளில் கடைசிப் பத்து வரிகளின் முதல் எழுத்துகள் இல்லை. தாளைத் திருப்பினாலும் அதே கதைதான், பின்பக்கத்தில் வலதுபுறத்துக் கடைசி எழுத்துகள் போயிருந்தன. புத்தகம் முழுக்க அப்படி.

வெட்டினது மட்டுமல்ல, கோணலாகவும் வெட்டியிருக்கிறார். ஏகப்பனுக்குக் காது அடைத்தது. மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இரிங்க, இரிங்க! தலைய முழங்காலுக்கு நடுவில வைங்க. ஆ, அப்படித்தான். மூச்ச இழுங்க."

தரையைப் பார்த்தபடி ஏகப்பன் மூச்சை இழுத்தார். தலைக்கு மேலே டொக்டரின் குரல் கேட்டது. "அவர் கடைசியாப் படுக்கையில ஈந்த நேரம் நான் இதத்தான் வாசிச்சுக் காட்டுவன். பல்லு ஆடினா ஆளக் கழுத்து மட்டும் மண்ணுல பொதைக்கச் செல்லி ஒரு வைத்தியம் ஈக்கி. அதக் கேட்டுட்டு, 'பைறோஸா, கனமாச் சிரிக்க வைக்காத, தையல் பிரியும்' எண்டு செல்வார். அந்தப் பக்கத்திலயும் எழுத்து இல்லாமப் பெய்த்து."

ஏகப்பன் தலையை நிமிர்த்தினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதை மயக்கத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் நினைத்தார்.

"டொக்டர், இன்னொரு தடவை மீன் விலை சொன்னீங்கன்னா நான் செத்துப் போவேன். சுத்தி வளைக்காம சொல்லுங்க. நான் வேணும்னு வெட்டினேன்னு நினைச்சீங்களா?"

"ஓம். நெனச்சன்."

நேரே முகத்தில் வந்து விழுந்தது. ஏகப்பன் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வந்து கதவுல நிண்ட நேரமே நெனச்சன். பொறகு வந்து தேத்தண்ணி குடிச்ச நேரமும் நெனச்சன். நடிக்கிற மனிசன், எவ்வளவு நாளைக்கு நடிக்கிற எண்டு பாப்பமெண்டு ஈந்தன்." டொக்டர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "நேத்துத்தான் எல்லாத்தயும் விரிச்சுப் பாத்தன். அதுவரைக்கும் எனக்கும் பாக்க மனசு வரல்ல. வேணுமெண்டு வெட்டுற மனிசன் எழுத்துக்காகத்தானே வெட்டுற? எழுத்துல கத்தி படாமப் பாத்து வெட்டுவான். இத வெட்டின ஆள் கண்ணால பாக்கவே இல்ல. அப்படித்தானே?"

"சாமி கும்பிட்டுட்டு இருந்தேன்" என்றார் ஏகப்பன், மிகவும் சின்னக் குரலில்.

டொக்டரின் வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. சிரிப்பா வேறு ஏதுமா என்று ஏகப்பனால் பிரித்தறிய முடியவில்லை. "இனி அப்படி நெனைக்கல்ல, செட்டியார். நீங்க பொய் செல்லல்ல."

இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. தன் வேலையின் அலங்கோலமே தன்னைக் காப்பாற்றியிருக்கிறது. அதற்கு வெட்கப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல், வழக்கம்போல் அவசரப்பட்டு வாயைத் திறந்தார்.

"அப்ப, என்னை மன்னிச்சிட்டீங்க, டொக்டர்."

டொக்டர் பைறோஸா தாளை அதன் அடுக்கில் வைத்து, போத்தலை அதன் மேல் வைத்தார்.

"இல்ல" என்றார்.